கரையில் நிற்கும் பாய்மரப் படகு: அடுத்த பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

மரப்படகு கடலில் கெடுவதைவிடக் கரையில் கெடுவதுதான் அதிகம். இருபது வருடமாக ஒரே படகோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். அது வாங்கிய அடிகளில் பாதி கடலும் காற்றும் கொடுத்தது, மீதி நான் கொடுத்தது.

இழுத்து ஏற்றும்போது படகின் எடை முழுக்க ஏராக்கட்டையில், அதாவது அடியில் முனைக்கு முனை ஓடும் முதுகெலும்புக் கட்டையில், நிற்க வேண்டும். பக்கத்து முட்டுக்கள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும்தான். அவற்றை வங்கு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும், விலா எலும்பு போன்ற வளைமரம்) ஓடும் இடம் பார்த்துக் கொடுங்கள். வெளியே ஆணி வரிசையைப் பார்த்தால் உள்ளே வங்கு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டு வங்குக்கு நடுவே வெறும் பலகையில் முட்டுக் கொடுத்தால் ஒரு மாதத்தில் பலகை உள்ளே குழிந்திருக்கும்.

அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் அன்றைக்கே, ஈரம் காயும் முன் சுரண்டிவிடுங்கள். மறுநாள் அது சிமென்ட் மாதிரி.

அடுத்த வேலை நிழல். வெயில் படும் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். மேல்தளத்தில் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், உப்புத் தண்ணீராக. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைத் தண்ணீர்தான் அதற்கு விருந்து. மழைக்குத் தார்ப்பாய் போடும்போது இரண்டு முனையையும் திறந்து விடுங்கள். உள்ளே இருக்கும் மூடி, கதவு, அடிப்பலகை எல்லாவற்றையும் கழற்றிக் காற்றோட வையுங்கள். இறுக்கிப் போர்த்திய படகு உள்ளே வேர்த்தே வீணாகும்.

பிறகு ஒரு குத்தூசி, ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘ணங்’ என்று பதில் சொல்லும், உளுத்தது ‘பொத்’ என்னும். பாய்மரத்தின் அடி உட்காரும் குழி, தளமும் பக்கப்பலகையும் சேரும் ஓரம், பலகைகளின் வெட்டுமுனை, பெயின்ட் கொப்புளித்த இடம், இந்த நான்கையும் இரண்டு தடவை பாருங்கள். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அது நுழையும் ஓட்டை குண்டூசித் தலை அளவுதான். ஒருமுறை என் சுக்கானின் அடியில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் தேய்ந்திருந்தது. புள்ளி மாதிரி நாலைந்து துளை, அவ்வளவுதான். சந்தேகப்பட்டு அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் நுழையும் பொந்துகள், சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. தண்ணீருக்கு அடியில் தாமிரம் கலந்த பெயின்டில் சுண்டுவிரல் அகலம்கூட இடைவெளி விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கெட்ட பலகையைச் சுரண்டி அடைக்கப் பார்க்காதீர்கள். நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, சாய்வாகச் சீவிப் புதுத் துண்டை ஒட்டுங்கள். சாய்வின் நீளம் பலகைக் கனத்தைப்போல் எட்டு மடங்கு: 25 மி.மீ. பலகைக்கு 200 மி.மீ. அடுத்தடுத்த பலகைகளில் ஒட்டு ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. துரு வழியும் ஆணி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். தலை நன்றாக இருந்து இடுப்பு மட்டும் ஊசியாகிப் போயிருக்கும். தாமிர ஆணி அடித்த படகுக்குத் தாமிரமே போடுங்கள். உப்புத் தண்ணீரில் இரும்பும் தாமிரமும் பக்கத்தில் இருந்தால் இரும்புதான் கரையும்.

இனி கலப்பத்து, அதாவது பலகைச் சந்துகளில் திரி அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்வது. இங்கேதான் நான் சூடுபட்டேன். ஒரு வருடம் படகு ஆறு மாதம் கரையிலேயே காய்ந்து, சந்தெல்லாம் வாயைப் பிளந்து நின்றது. பார்க்கப் பொறுக்காமல் இரட்டைத் திரியை இடித்து ஏற்றி, மேலே எபாக்ஸி பசையை வழித்தேன். கல் மாதிரி இறுகியது. எனக்குப் பெருமை வேறு. இறக்கிய இரண்டாம் இரவு உள்ளே படுத்திருந்தபோது விறகு முறிவதுபோல் ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. தண்ணீர் குடித்து ஊதிய பலகைகளுக்கு விரிய இடமில்லை, இரண்டு வங்கு முறிந்துபோயிற்று.

அதனால் காய்ந்த படகின் சந்தைக் காய்ந்த அளவுக்கு அடைக்காதீர்கள். எல்லாச் சந்தையும் பிரிக்கவும் வேண்டாம். திரி கெட்டியாக இருக்கும் இடத்தை அப்படியே விடுங்கள். கறுத்து இற்றுப்போனதை மட்டும் வளைந்த கொக்கியால் இழுத்தெடுங்கள், பலகை விளிம்பில் கீறல் விழாமல். சந்துக்குள் ஒரு பூச்சு பெயின்ட் கொடுத்துக் காயவிடுங்கள். மெல்லிய பலகைக்குப் பஞ்சுத் திரி, கனத்த பலகைக்குத் தார் தோய்ந்த சணல். திரியை நீட்டி இழுக்காமல் சின்னச் சின்ன மடிப்பாக உளியால் சந்துக்குள் செருகிக்கொண்டே போங்கள். சந்து அகலமான இடத்தில் மடிப்பை நெருக்குங்கள், குறுகிய இடத்தில் தளர்த்துங்கள். பிறகு கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டி இறக்குங்கள். ஒலி மந்தமாக இருந்து சட்டென்று கெட்டியாகும். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். திரி உள்பக்கம் எட்டிப்பார்த்தால் அதிகம் அடித்துவிட்டீர்கள். திரியின் மேலும் பெயின்ட் பூசிவிட்டு, மேலே இளகிய லப்பம். அதையும் பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே குழிவாக விடுங்கள். பலகை ஊதும்போது அதுவே பிதுங்கி மட்டத்துக்கு வந்துவிடும்.

பாய்மரத்தில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். குறுக்கே மயிரிழை தெரிந்தாலும் அந்த மரத்தை நம்பிப் பாய் ஏற்றாதீர்கள். பாயை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்பு இருக்கும் வரை துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணிக்கு முன்னால் தையல்தான் போகும், நகத்தால் நெருடிப் பார்த்தால் தெரியும். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றின் முறுக்கைப் பிரித்து உள்ளே பாருங்கள். தூள் உதிர்ந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் முனை மாற்றிக் கட்டினால் இன்னொரு பருவம் ஓடும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். யாரும் நெருப்பு வைக்காமலே அது பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

இறக்கும் நாளில் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். பதறி மேலே ஏற்றாதீர்கள். கரையோரமே கட்டிவைத்து, பக்கத்தில் பம்பும் வாளியுமாக உட்காருங்கள். மணிக்கு எத்தனை வாளி என்று சுண்ணாம்புக்கட்டியால் பலகையில் கோடு போடுவது என் வழக்கம். போன தடவை முதல் மணி நேரத்தில் பதினோரு கோடு, மறுநாள் காலையில் மூன்று, மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பாயை எடுத்துக் கட்டினேன்.