டம்ப்ளிங் சூப் செய்யுங்கள், வாசல் கதவை மட்டும் திறந்துவிடாதீர்கள்

புது நாட்டில் வந்து இறங்கிய முதல் சில வாரங்கள் சமையல் பெரிதாக ஓடாது. பாத்திரம் சேர்ந்திருக்காது, பொடிகள் பாதி பெட்டியிலேயே கிடக்கும், வேலையோ வகுப்போ முடிந்து திரும்பும்போது இருட்டியிருக்கும். குளிர் வேறு. அந்த நாட்களுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ஃப்ரீசரில் ஒரு பை டம்ப்ளிங், அதாவது கொழுக்கட்டை மாதிரி மாவுத் தோலுக்குள் பூரணம் வைத்தது, வாங்கிப் போட்டு வையுங்கள். ஒரு பாத்திரமும் ஒரு சின்ன வாணலியும் இருந்தால், இருபது நிமிடத்துக்குள் நெற்றி வியர்க்கிற மாதிரி ஒரு காரமான சூப் தயார்.

ஆனால் இதே சூப்பைச் செய்யப்போய்த்தான் என் நண்பர் ஒருவர் பெரிய தொகை கட்ட நேர்ந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். செய்முறை தெரிந்தவர்கள் அதைத் தாண்டிப் போகலாம், அடுப்பு பற்றியும் அலாரம் பற்றியும் எழுதியிருப்பதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கடையில் பல பெயர்களில் இருக்கும். ஜியாவ்ஸி சீனத்துடையது, மாவு கொஞ்சம் தடிமன், கொதிநீரில் தாங்கும். கியோஸா ஜப்பானியது, தோல் மெல்லியது, பெரும்பாலும் வறுக்கத்தான் ஏற்றது, கவனமாக வேகவைத்தால் சூப்பிலும் போடலாம். கொரிய மாண்டு இரண்டுக்கும் ஒத்துவரும். வொன்டன் சூப்புக்கென்றே பிறந்தது. சூப் டம்ப்ளிங் என்று எழுதியிருக்கும் ஷியாவ்லாங்பாவை மட்டும் இதற்கு வாங்க வேண்டாம். அதில் சூப் உள்ளேயே இருக்கும், ஆவியில் வைக்க வேண்டியது.

சைவமோ, குறிப்பிட்ட இறைச்சியைத் தவிர்ப்பவரோ என்றால் பையின் முகப்பை நம்பாதீர்கள். முகப்பில் முட்டைக்கோஸும் கேரட்டும் படமாக இருக்கும், பின்னால் சின்ன எழுத்தில் பன்றிக் கொழுப்போ இறாலோ சிப்பி சாஸோ இருக்கும். காய்கறி என்று பெயரில் இருந்தால் காய்கறியும் இருக்கிறது என்றுதான் சில இடங்களில் பொருள். பின்பக்கத்தைப் படியுங்கள், மொழி புரியாவிட்டால் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். எள், நிலக்கடலை, இறால், கோதுமை இவற்றில் ஒவ்வாமை உள்ளவர்கள் சாஸ் பாட்டிலையும் இதே மாதிரி படிக்க வேண்டும். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துச் செய்வது.

நான் செய்வது சீனாவின் ஷியான் பக்கத்தில் புழங்கும் புளிப்புச் சூப் டம்ப்ளிங்கின் வழி. இதில் எலும்புச் சாறோ, மணிக்கணக்கில் கொதிக்கும் குழம்போ கிடையாது. ருசி முழுவதும் கிண்ணத்திலேயே கூட்டி வைக்கப்படுகிறது, மேலே கொதிநீர் ஊற்றினால் சூப். ஒருவருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி கறுப்பு வினிகர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, பொடியாக நறுக்கிய பூண்டு இரண்டு பல், வெங்காயத்தாள், கொஞ்சம் வறுத்த எள். கறுப்பு வினிகர் என்பது சீனாவின் ஜென்ஜியாங் ஊர்ப் பெயரில் கிடைக்கும் வகை, அரிசியிலிருந்து வருவது. வெள்ளை வினிகர்தான் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள். அது நாக்கை வெட்டும், இதன் இனிப்பு மணமும் அதில் வராது. கொத்தமல்லித்தழை இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

டம்ப்ளிங்கை உறைநிலையிலேயே போட வேண்டும். வெளியே எடுத்து வைத்து இளக விட்டால் தோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். பத்துப் பன்னிரண்டு டம்ப்ளிங்குக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கொதிக்கட்டும். போட்டவுடன் கரண்டியின் பின்பக்கத்தால் அடியை ஒரு தரம் மெதுவாகத் தள்ளிவிடுங்கள், அடிபிடிக்காது. மறுபடி பொங்கி வரும்போது அரைக் கோப்பை பச்சைத் தண்ணீர். திரும்பப் பொங்கினால் இன்னொரு அரைக் கோப்பை, இறைச்சி வைத்ததாக இருந்தால் மூன்றாவது முறையும். இது சீன வீடுகளில் பழகிய முறை: கொதி அடங்கி அடங்கி வருவதால் தோல் உடையாமல் உள்ளே வேகும். மேலே மிதப்பதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். தோல் லேசாகக் கண்ணாடி மாதிரி ஆகி, பூரணத்தின் நிறம் உள்ளிருந்து தெரிய வேண்டும். பையில் போட்டிருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். இறைச்சி என்றால் ஒன்றை வெட்டி நடுவில் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் தொட்டிருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு, உள்ளே சிவப்போ குளிர்ச்சியோ இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

இவ்வளவும் எளிது. மிச்சம் இருப்பது மிளகாய் எண்ணெய். இந்தச் சூப்பின் உயிரே அதுதான், சிக்கலும் அங்கேதான்.

எண்ணெயைச் சூடாக்கி மிளகாய்மேல் ஊற்று என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளித்துத் தாளித்தே வளர்ந்த கை. எண்ணெய் புகைகிற வரை காயவிட்டு, நெடி ஏறினால் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்து விடுவோம், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் இங்கே இரண்டு இடத்தில் உதைக்கும்.

முதலாவது அடுப்பு. மின் அடுப்பில் தணல் கண்ணுக்குத் தெரியாது. சுருள் அடுப்பும் கண்ணாடி மேல்தள அடுப்பும் அணைத்த பிறகும் நிமிடக்கணக்கில் சூட்டை விடாது. கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பினால் சூடு அங்கேயே நின்றுவிடும். இங்கே வாணலியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால்தான் நிற்கும். இண்டக்‌ஷனோ இரண்டு கரண்டி எண்ணெயை நீங்கள் பூண்டு எடுக்கத் திரும்பும் நேரத்தில் புகைய வைத்துவிடும். இரண்டாவது மிளகாய்த்தூள். ஊரிலிருந்து கொண்டுவருவது மாவு போல அரைத்தது. புகைகிற எண்ணெய் பட்ட நொடியில் கருகும், கருகினால் அந்த நெடி அறை முழுக்கக் கமறும். இந்தச் சூப்புக்கு வேண்டியது கொரகொரப்பாக உடைத்த தூள். கொரியக் கோச்சுகாரு அந்த வகை. நிறம் நன்றாகக் கொடுக்கும், காரம் மிதம். நம் தூளைக் காரத்துக்கு அரைத் தேக்கரண்டி கலந்துகொள்ளலாம்.

என் நண்பர் அருமையாகச் சமைப்பவர். அன்று அவர் செய்ததும் கைப்பழக்கத்தில் சரியானதுதான். எண்ணெய் புகைந்தது, தூளின்மேல் ஊற்றினார், நெடி எழுந்தது, அறையின் கூரையிலிருந்த அலாரம் கத்த ஆரம்பித்தது. ஜன்னல் நாலு விரல் அகலத்துக்குமேல் திறக்காத வகை. கண்ணெல்லாம் எரிகிறது, அலாரம் காதைப் பிளக்கிறது. புகை போகட்டும் என்று வாசல் கதவை விரியத் திறந்து, துண்டால் வெளியே விசிறிவிட்டார். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

பல அடுக்குமாடிகளில் வீட்டுக்குள் இருக்கும் அலாரம் அந்த வீட்டுக்குள் மட்டும் சத்தம் போடும். நடைவழிக் கூரையில் இருப்பது அப்படியல்ல. அது கட்டடம் முழுவதற்குமான அமைப்போடு இணைந்தது, சில இடங்களில் தீயணைப்பு நிலையத்துக்கே நேராகத் தகவல் போகும். நண்பர் விசிறிய புகை அதற்குப் போய்ச் சேர்ந்தது. எல்லா மாடியிலும் சைரன். மின்தூக்கி நின்றது. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒரு அம்மா, கைத்தடியோடு ஒரு பெரியவர், எல்லோரும் படியிறங்கிக் குளிரில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. சில வாரம் கழித்துக் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: பொய் அலாரத்துக்கு வண்டி வந்த கட்டணம், வாடகை ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி உங்கள் கணக்கில். தொகையைப் பார்த்துவிட்டு அவர் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். மேசையில் ஒப்பந்தத்தை விரித்து இருவரும் தேடினோம். பிரிவு இருந்தது, கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

எனக்கு இன்னும் ஆறவில்லை. சாவி கொடுத்த அன்று எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், துணி துவைக்கும் அறை எத்தனை மணி வரை, சைக்கிளை எங்கே பூட்டுவது என்று எல்லாம் நின்று சொன்னார்கள். வாசல் கதவைத் திறந்து புகையை வெளியே விடாதே என்ற ஒரு வரியைச் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் வந்த முதல் குளிர்காலத்திலேயே அவர் கடன் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

அதனால் நான் சொல்கிறேன். சாவி வாங்கும்போதே கேளுங்கள்: என் வீட்டு அலாரம் தனியா, கட்டடத்தோடு இணைந்ததா? பொய் அலாரத்துக்குக் கட்டணம் யார் கட்டுவது? கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், வீட்டுக்குள் இருப்பதே இணைந்திருக்கும் இடமும் உண்டு. அப்புறம் அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியைச் சோதித்துப் பாருங்கள். அதை ஓடவிட்டு அதன் மேல்விளிம்பில் கையை வையுங்கள். காற்று கையில் வந்து அடித்தால் அது புகையை வெளியே அனுப்பவில்லை, வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. அந்த மாதிரி சிம்னியை நம்பித் தாளிக்க முடியாது, ஜன்னலைத்தான் நம்ப வேண்டும். அதையும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னாலேயே திறந்துவிட வேண்டும்.

புகை வந்துவிட்டால் வாணலியை அடுப்பிலிருந்து நகர்த்தி மூடி போடுங்கள். வாசல் கதவு சாத்தியே இருக்கட்டும். ஜன்னலையும், இருந்தால் பால்கனிக் கதவையும் திறந்து, அலாரத்துக்குக் கீழே நின்று துண்டால் ஜன்னல் பக்கமாக விசிறுங்கள். பல அலாரங்களில் சத்தத்தைச் சில நிமிடம் நிறுத்தி வைக்கும் பொத்தான் உண்டு. எட்டாத உயரம் என்றால் துடைப்பக் கட்டையின் நுனி போதும். எண்ணெயில் தீயே பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ எண்ணெயோடு தெறித்து மேலே எழும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்: வெளியேறுங்கள், கதவைப் பின்னால் சாத்துங்கள், தீயணைப்பை அழையுங்கள்.

குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்துக்கு மாட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லும் சீனியர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படியே குற்றம், ஒப்பந்தம் ரத்தாகலாம். அதைவிட, கழற்ற மறந்து தூங்கும் இரவு ஒன்று போதும். கூரையில் சின்னக் கண்ணாடிக் குமிழோடு நீட்டிக்கொண்டிருப்பது வேறு சாதனம், தெளிப்பான். அது புகைக்கு அசையாது, சூட்டுக்குத்தான். சிவப்புக் குமிழ் என்றால் வழக்கமாக 68 டிகிரியில் உடைந்து தண்ணீர் கொட்டும். அதில் துணி மாட்டும் கொக்கி எதையும் தொங்கவிடாதீர்கள்.

சரி, புகையே இல்லாமல் மிளகாய் எண்ணெய் எப்படி? சூடான எண்ணெயை ஊற்றுவதற்குப் பதிலாகக் குளிர்ந்த எண்ணெயிலிருந்தே தொடங்குங்கள். சின்ன வாணலியில் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இரண்டு மேசைக்கரண்டி, அதிலேயே கொரகொரப்பான மிளகாய் ஒரு மேசைக்கரண்டி, பூண்டில் பாதி. அடுப்பு மிகக் குறைந்த சூட்டில். ஓரிரு நிமிடத்தில் பூண்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும், எண்ணெய் மெல்லச் சிவக்கும், மணம் எழும். தூள் செங்கல் நிறம் தாண்டி இருள ஆரம்பிக்கும் முன்பே வாணலியைத் தூக்கிக் கிண்ணத்தில் சாய்த்துவிடுங்கள். சோயாவும் வினிகரும் பட்டுச் சொர்ரென்று அடங்கும், சூடும் அதோடு நின்றுவிடும். நல்லெண்ணெய் வேண்டுமென்றால் கடைசியில் பச்சையாக நாலு சொட்டு. ஊற்றித் தாளிக்கும் மணம் இதில் கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் காரம் சூப் முழுக்கச் சீராக இறங்கும், தொண்டையில் கருகல் கசப்பு இருக்காது. இப்போது நண்பர் செய்வதும் இப்படித்தான், சுவையில் என்னுடையதைவிட அவருடையது ஒரு படி மேல்.

டம்ப்ளிங் வெந்த தண்ணீரிலிருந்தே முந்நூறு மில்லி அளவுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கலக்குங்கள். மாவு கரைந்த தண்ணீர் என்பதால் சூப்புக்கு லேசான கனம் வரும். மேலே டம்ப்ளிங், அதன்மேல் வெங்காயத்தாள். உப்பை ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள், சோயாவிலேயே நிறைய இருக்கும். தண்ணீர் கொதிக்கும் நேரமெல்லாம் பாத்திரத்தைப் பாதியாவது மூடி வையுங்கள். அலாரம் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஆவிக்கும் கத்தும்.

மிஞ்சினால் டம்ப்ளிங்கைச் சூப்பிலிருந்து எடுத்துத் தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஊறினால் கூழாகிவிடும். பூண்டு போட்ட எண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில், அறை வெப்பத்தில், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள்.