ஞாயிறு காலை பாட்டு நடத்தப் போகிறவர்களுக்கு

சர்ச்சில் கூடியிருக்கும் சபை முழுவதும் பாட வேண்டும். ஆராதனை நடத்துகிறவருக்கு இருக்கும் வேலை அதுதான். நல்ல குரல், கீபோர்டு ஞானம், பாட்டு மனப்பாடம் எல்லாம் அதற்குப் பிறகு. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சின்ன சபையில் பல வருடமாகப் பாட்டு நடத்துகிறேன். அடுத்து நடத்தப் போகிற தம்பி தங்கைகளுக்காக, நான் கடைப்பிடிப்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில், உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை வாங்கி, கட்டி, விற்றுவிட்டு நேரே ஆராதனைக்கு வரும் அக்காமார் எங்கள் சபையில் உண்டு. நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வரும் அண்ணன்கள் உண்டு. அந்த வாரம்தான் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அம்மாவும் பாயில் ஓர் ஓரமாக இருக்கலாம். இவர்களைப் பார்த்து, "என்ன, யாரும் சாப்பிடலையா? கை தட்டுங்க, இன்னும் சத்தமா!" என்று மைக்கில் அதட்டுவது எனக்குப் பிடிக்காது. கை தட்ட முடியாதவர் தட்ட வேண்டாம். சும்மா உட்கார்ந்து கண்ணீர் விடுகிறவரும் ஆராதிக்கத்தான் வந்திருக்கிறார். முதல் பாட்டு நிதானமானதாக, புத்தகம் பார்க்காமல் எல்லோரும் பாடக்கூடியதாக இருக்கட்டும்.

அடுத்தது ஸ்கேல், அதாவது பாட்டை எந்தச் சுருதியில் எடுக்கிறோம் என்பது. சபை பாடாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். யூடியூபில் கேட்ட பாட்டை அந்தப் பாடகரின் ஸ்கேலிலேயே எடுக்கிறோம். அது ஸ்டூடியோவில் பயிற்சி பெற்ற ஒரு குரலுக்கு வைத்த ஸ்கேல். பாட்டில் எந்த இடம் மிக உயரே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது பல்லவியில் இருக்காது, அனுபல்லவியிலோ சரணத்தின் நடுவிலோ இருக்கும். அந்த உச்சம் மேல் டி (D) சுரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் ஒரு ஸ்தாயி தள்ளித்தான் பாடுகிறார்கள். கீழே ஏ, மேலே டி என்ற அளவு இரு பக்கத்துக்கும் எட்டும். எஃப் மேஜரில் கேட்ட பாட்டின் உச்சம் மேல் எஃப்-இல் நின்றால், கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸை மூன்று அரைச்சுரம் இறக்கினால் டி மேஜராகிவிடும். காலை முதல் ஆராதனை என்றால் இன்னும் ஒன்று இறக்கலாம், தூங்கி எழுந்த தொண்டை அப்படி. உங்கள் குரல் அந்த ஸ்கேலில் எடுப்பாக இல்லையே என்று தோன்றும். தோன்றட்டும்.

சரியாக வைத்தோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கடைசிப் பல்லவியில் டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, நீங்களும் மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போங்கள். பாட்டு தொடர்ந்தால் சரி. சட்டென்று அடங்கிப் போனால், ஸ்கேல் உயரம், அல்லது பாட்டு சபைக்குத் தெரியாது. அடுத்த வாரம் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த நிமிடத்திலேயே விளங்கிவிடும்.

பாட்டுத் தேர்வை சனிக்கிழமை இரவுக்குத் தள்ளாதீர்கள். பாஸ்டரிடம் வியாழக்கிழமையே வசனப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு நான்கு பாட்டு தாராளம். புதுப்பாட்டு மாதம் ஒன்று போதும். அதை முதலில் காணிக்கை நேரத்தில் பாடிக் காட்டி, அடுத்த ஞாயிறும் பாடிய பிறகு சபையைப் பாடச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று கீர்த்தனையாக, நம் ராக மெட்டில் அமைந்த பழைய கிறிஸ்தவப் பாடலாக, இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களையும் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டது 1853-இல். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டுப் பாடல்கள் எழுதினார். ஜனங்களுக்குப் பழகிய மெட்டு என்றால் வாய் தானாகத் திறக்கும் என்று இந்த மதுரையில் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். நம் சபைப் பாட்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சரணமும் பாடுவதைப் பாருங்கள், அப்புறம் கீர்த்தனையை விட மனம் வராது.

"ஆவியானவர் நடத்துவார், பிராக்டிஸ் எதற்கு?" என்று கேட்கும் தம்பிகளிடம் வேதாகமத்தில் 1 நாளாகமம் 25-ஐ வாசிக்கச் சொல்வேன். தாவீது ஏற்படுத்திய பாடகர்கள் 288 பேர், எல்லோரும் கற்றுத் தேர்ந்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவசியம் கூடுங்கள். சைகைகளை அப்போதே பேசிக்கொள்ளுங்கள்: ஒரு விரல் தூக்கினால் பல்லவி மறுபடி, கை மூடினால் முடிப்பு. ஸ்லைடு போடுகிற பிள்ளைக்கும் சொல்லுங்கள், வரி முடிவதற்குள் அடுத்தது திரையில் வந்துவிட வேண்டும். மே மாதத்தில் கரண்ட் போகும். போனால் நிறுத்தாதீர்கள், வெறுங்குரலில் தொடருங்கள்.

அதே பிராக்டிஸில் தபேலா தம்பியோடு மனஸ்தாபம் வந்தால், அன்றே பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு, போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது பாட்டுக்கும்தான். ஆமோஸ் புத்தகத்தில், உங்கள் பாட்டின் இரைச்சலை அகற்றுங்கள் என்று தேவனே சொல்கிறார். அங்கே குறை ராகத்தில் இல்லை, நியாயம் செத்துப்போன வாழ்க்கையில். மேடைக்கு ஏறும் முன் நான் இதை நினைத்துக்கொள்கிறேன், பயத்தோடுதான்.

பாட்டுக்கு நடுவே பிரசங்கம் வேண்டாம். ஒரு வசனம், ஒரு வாக்கியம், அவ்வளவு. கண்ணைத் திறந்தே நடத்துங்கள், சபை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? சத்தம் சுவருக்குள் இருக்கட்டும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு வெளி ஹாரனை நாங்கள் இணைப்பதே இல்லை. பக்கத்து வீட்டிலும் கைக்குழந்தை தூங்கும்.

பாட்டு முடிந்ததும் வயர் சுற்றவோ டீ குடிக்கவோ வெளியே போகாதீர்கள். சபையோடு உட்கார்ந்து பிரசங்கம் கேளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இளையவர் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்று பாடுங்கள். யாருக்கு எந்த வரி எட்டவில்லை என்று அங்கிருந்து நன்றாகக் கேட்கும். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, சரியாகச் செய்த ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்லுங்கள்.