சீலிங் ஒழுகும் வாடகை வீடு: பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

வாளி வைக்கவும் கட்டிலை நகர்த்தவும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொட்டுவது நின்ற பிறகுதான் வினை ஆரம்பிக்கிறது. நின்றுவிட்டதே என்ற நிம்மதியில் செய்கிற காரியங்கள்தான் பின்னால் காசையும் அட்வான்ஸையும் தின்கின்றன. வீடு மாறினாலும் ஆள் மாறினாலும் தவறுகளின் வரிசை மட்டும் மாறுவதில்லை.

கறைக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவது

தண்ணீர் நேராகக் கீழே இறங்காது. கான்கிரீட் தளத்தின் மேல் பரவி, மயிரிழை விரிசலோ வயர் செல்லும் குழாயோ கிடைக்கும் இடத்தில்தான் வெளியே வரும். தளத்துக்குள் புதைத்த அந்தக் குழாய்க்குள் ஒருமுறை புகுந்துவிட்டால், குளியலறையில் கசிந்தது படுக்கையறை ஃபேன் கொக்கியில் சொட்டும். ஃபேனைக் கழற்றிப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியன் கையை விரிப்பார்.

மேல்வீட்டுக் குளியலறைத் தளம் பள்ளமாக இறக்கிக் கட்டப்பட்டிருந்தால் இன்னும் குழப்பம். டைல்ஸுக்குக் கீழே நிரப்பிய செங்கல் ஜல்லியும் மணலும் தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே விடும். மேலே குளித்து முடித்த பல மணி நேரம் கழித்துக்கூட இங்கே சொட்டலாம்.

நேரத்தைக் குறிக்காமல் ப்ளம்பரைக் கூப்பிடுவது

எங்கே ஒழுகுகிறது என்பதைவிட எப்போது ஒழுகுகிறது என்பது அதிகம் சொல்லும். 5 முதல் 7 நாள் வரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவு பகல் பாராமல் ஒரே வேகத்தில் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். மேல்வீட்டார் குளித்த பிறகு கூடி, அவர்கள் ஊருக்குப் போனால் காய்ந்தால், கழிவுநீர்க் குழாயோ தரையோ காரணம். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் மொட்டை மாடி அல்லது வெளிச்சுவர். ஏசி ஓடும் நேரத்தில் மட்டும் என்றால் அதன் வடிநீர்க் குழாயைப் பாருங்கள்.

மேல்வீட்டார் ஒத்துழைத்தால் சோதனை எளிது. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்தால் எது நனைத்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் நாள் மேல்வீட்டுத் தண்ணீர் மீட்டர். எல்லாக் குழாய்களையும் மூடி, எண்ணைப் படம் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் தண்ணீர் எங்கோ போகிறது. ஃப்ளஷ் டேங்க் உள்ளுக்குள்ளேயே கழிப்பறைக்கு வடிந்தாலும் மீட்டர் நகரும், ஆகவே அதன் வால்வை மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

மீட்டர் நகரவில்லையா? இரண்டு நாள் குளியலறையைக் காயவிட்டு, தரையில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் 2 வாளித் தண்ணீரை நேராக வடிகால் துளைக்குள் ஊற்றுங்கள். கீழே நனைந்தால் குழாய் இணைப்பில் குறை. நனையாவிட்டால், ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் துளையை அடைத்து, தரையில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் விட வேண்டும். இப்போது நனைந்தால் டைல்ஸ் இடுக்கு, அல்லது தரையில் வடிகால் குழாய் சேரும் கழுத்தைச் சுற்றிய இடைவெளி. பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கழுத்துதான், ஆனால் கொத்தனார் நேராக டைல்ஸ் இடுக்குக்குத்தான் போவார். ஒயிட் சிமென்டைத் தேய்த்துவிட்டும் போவார். அது கொஞ்ச நாளில் சுருங்கி வெடித்துவிடும். இடுக்கை நன்றாகச் சுரண்டி எபாக்ஸி (ரசாயனப் பிசின் கலவை) நிரப்பினால் நிற்கும்.

தண்ணீரில் சாயம் கலந்து விடுகிற வழியும் உண்டு. கீழே நிறம் வந்தால் அது சாட்சி. வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, ஜல்லியும் மணலும் சாயத்தை வடிகட்டியிருக்கலாம்.

கீழிருந்து பூசி மூடுவது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் நடந்துகொண்டே இருக்கிறது. வீட்டுக்காரர் ஃபோனை எடுக்க மாட்டார், விருந்தாளி வருகிறார்கள், சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம். பெயிண்டரைக் கூப்பிட்டால் சுரண்டி, இரண்டு கை புட்டி வைத்து, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். சொந்தக் காசில் சில வாரம் வெள்ளையாக இருக்கும். பிறகு ஓரத்தில் சின்னதாக ஒரு பொருமல்.

வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருப்பதால் தாங்கும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பூச்சு தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே தண்ணீரின் அழுத்தமே அதைத் தளத்தோடு ஒட்டி வைக்கும். கீழ்ப்பக்கம் அடித்தால் அதே தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிப் பெயர்க்கிறது. வழி அடைபட்ட ஈரம் பக்கவாட்டில் பரவும். ஒரு அடி இருந்த கறை மூன்று அடியாகி, பக்கத்து அறைச் சுவரில் உப்புப் பூக்கும். விரிசலுக்குள் ரசாயனம் ஏற்றுகிறவர்களும் உண்டு. மேலே மூலத்தை அடைக்காதவரை, தண்ணீர் அடுத்த விரிசலைத் தேடிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் கம்பியில். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. ஈரமும் காற்றும் உப்பும் சேர்ந்து அந்தக் காப்பை உடைத்தால் துரு ஏறும், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது கீழே இருக்கும் காரையைத் தள்ளும். 30 செ.மீ. நீள அகலமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு பத்தை சுமார் 4 கிலோ இருக்கும். கட்டிலுக்கு நேர் மேலே அது தொங்கும்போது, வெள்ளைப் பெயிண்ட் அதை மறைத்துக்கொண்டிருக்கும். கறை தெரிந்திருந்தால் யாராவது அண்ணாந்து பார்த்திருப்பார்கள், குச்சியால் தட்டியிருப்பார்கள், கலகலவென்று பொள்ளல் சத்தம் கேட்டிருக்கும்.

வாடகைக்கு இருப்பவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அந்தக் கறைதான் அவருடைய ஒரே சாட்சி. அதை அழித்துவிட்டு நின்றால் மேல்வீட்டார், “அதான் நின்னுடுச்சே” என்பார். வீட்டுக்காரர், “நான் வந்து பார்த்தப்ப நல்லாத்தான இருந்துச்சு” என்பார். காலி செய்யும் நாளில் காரை விழுந்திருந்தால், கேட்காமல் கைவைத்தது நீங்கள்தான் என்று அட்வான்ஸில் கழிப்பார்கள்.

ஆகவே கறையை அப்படியே விடுங்கள். அதன் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். 3 நாளுக்கு ஒருமுறை புதுக் கோடு, ஸ்கேலை ஒட்டிப் பிடித்து ஒரு படம். மரத்தின் ஆண்டு வளையம் போல அந்தக் கோடுகள் நிற்கும்போது யாரும் வாதாட மாட்டார்கள்.

பெயிண்ட் எப்போது என்றால், மேலே மூலத்தை அடைத்து, தளம் காய்ந்த பிறகு. 45 செ.மீ. சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. தளம் காயப் பல வாரம், சில சமயம் மாதங்களே ஆகும். காய்ந்ததும், தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் காரையைக் கொத்தி எடுத்து, துருவேறிய கம்பியைச் சுத்தம் செய்து, பூத்த உப்பை உலர்ந்த கம்பி பிரஷால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். பழுப்பு வளையத்துக்கு மேல் கறை தடுக்கும் எண்ணெய் ப்ரைமர் அடிக்காவிட்டால், தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட் எத்தனை கை அடித்தாலும் வளையம் மேலே வரும்.

பலூனாகத் தொங்கும் பெயிண்டை வேடிக்கை பார்ப்பது

உள்ளே நிற்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ பாரம். அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கீழே வாளி வைத்து, நேர் கீழே நிற்காமல் பக்கத்தில் நின்று, மிகத் தாழ்ந்த புள்ளியில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு துளை போட்டு வடியுங்கள். இது பெயிண்ட் படலத்துக்கு மட்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் தொய்ந்தாலோ காரையே உப்பியிருந்தாலோ கைவைக்காதீர்கள், அறையைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

டிரிப் ஆன எம்சிபியை (மின்கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்சை) திரும்பத் திரும்பப் போடுவது

போடாதீர்கள்.

வாயால் சொல்லிவிட்டு வருவது

மாடிப்படியில் பார்த்துச் சொன்னதற்குத் தேதி கிடையாது. முதல் நாளே எழுத்தில், வீட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள். மேல்வீட்டாரும் வாடகைக்கு இருக்கலாம், டைல்ஸை உடைக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்காது. பொதுக் குழாயோ மொட்டை மாடியோ என்றால் குடியிருப்புச் சங்கத்தைத்தான் கேட்க வேண்டும். அதற்கும் உரிமையாளர்தான் போக வேண்டியவர். நாலு வரி போதும்:

“படுக்கையறைச் சீலிங்கில், ஜன்னல் ஓரம், நேற்று இரவு முதல் ஒழுகுகிறது. கறை 40 செ.மீ. அகலம். ஃபேன் கொக்கியிலும் ஈரம் இருப்பதால் அந்த லைனை நிறுத்தி வைத்திருக்கிறோம். படங்கள் இத்துடன். எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள்.”

நனைந்த மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் தூக்கிப் போடுவதற்கு முன் படம் எடுங்கள். தாமதமாகச் சொன்னால், சேதம் பெரிதானதற்கு நீங்களே காரணம் என்ற பேச்சு வரும்.

வாடகையை நிறுத்திப் பார்ப்பது

ஒப்பந்தத்தையும் உள்ளூர்ச் சட்டத்தையும் படிக்காமல் வேண்டாம். வழக்கு சீலிங்கிலிருந்து வாடகை பாக்கிக்கு மாறிவிடும்.

எல்லா ஈரத்தையும் ஒழுகல் என்று நினைப்பது

குளிர்ந்த மூலையில் கரும்பூஞ்சை மட்டும் படர்ந்து, சொட்டே இல்லையென்றால், அது அறைக்காற்றின் ஈரமாக இருக்கலாம். பாலிதீன் தாள் சோதனையே இங்கும் உதவும். துளி அறைப்பக்கம் படிந்தால் காற்றோட்டம் போதவில்லை, தளத்தின் பக்கம் படிந்தால் கசிவு.

சரிசெய்த மறுநாளே சண்டைக்குப் போவது

மேலே வேலை முடிந்த பிறகும் ஜல்லியில் தேங்கியது வடிந்து தீரும்வரை சில நாள் சொட்டும். அதைப் பார்த்துவிட்டுப் போட்ட டைல்ஸை மறுபடி உடைக்க வைக்கிறார்கள். வேலை முடிந்த அன்று வேறு நிறப் பென்சிலால் கறையைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். வாளியில் தினமும் சேரும் அளவையும் குறியுங்கள். அளவு குறைந்துகொண்டே போனால் காத்திருக்கலாம். இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லை, ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது என்றால், அடைத்தது வேறு இடம்.