பிள்ளைங்களுக்கு யோசிக்க வரும், ஆனா அவசரப்படுத்தாதீங்க: பெத்தவங்க பண்ற தப்புங்க

எங்க அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. ரெண்டு டம்ளர்ல சமமா பால் ஊத்தி வச்சோம், ரெண்டும் ஒண்ணுதான்னு அவளே சொன்னா. அப்புறம் அவ கண்ணு முன்னாடியே ஒரு டம்ளர் பால ஒல்லியா உசரமா இருக்கற கிளாஸுக்கு மாத்தினதும் "இதுலதான் நெறைய இருக்கு, எனக்கு இதான் வேணும்"னு ஒரே அழுகை. அக்கா கோவத்துல "இதுகூடவா புரியல, மண்டு"ன்னுட்டா. மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா அது மண்டுத்தனமே இல்ல. பி.எட் படிச்சவங்களுக்கு பியாஜேன்னா தெரியும், சுவிட்சர்லாந்துக்காரரு, இதே சோதனைய பிள்ளைங்ககிட்ட பண்ணி பாத்தவரு. உசரம் அகலம் ரெண்டையும் சேத்து யோசிக்கறது பொதுவா 7 வயசு வாக்குலதான் கைவரும். அதுவரைக்கும் திட்டாம அவ கையாலயே திருப்பி ஊத்தி பாக்க விடுங்க, அன்னிக்கே புரியலன்னாலும் பரவால்ல.

அதுக்காக 7 முடிஞ்சும் புரியலயே, பக்கத்து வீட்டு பையனுக்கு வந்துடுச்சேன்னு பதறவும் வேணாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்.

பெரிய தப்பு டீன் ஏஜ்லதான் நடக்குது. தோளுக்கு மேல வளந்துட்டான், நல்லா வாதம் பண்றான், அதனால எல்லாம் தெரியும்னு நெனச்சு 18 ஆகறதுக்குள்ள பைக் சாவிய குடுத்துடறோம். அமைதியா உக்காந்து கேட்டா 16 வயசு பையன் பெரியவங்க மாதிரியே பதில் சொல்லுவான், உண்மைதான். ஆனா ஆசைக்கு பிரேக் போடற, பின்னாடி என்ன ஆகும்னு பாக்கற வேலையில பெரும்பங்கு நெத்திக்கு பின்னாடி இருக்கற மூளைப் பகுதிக்கு, அது முழுசா பக்குவப்பட 20 தாண்டி 25 வாக்குல ஆகும். அமெரிக்காவுல 2005ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற கேம் குடுத்தாங்க, டீன் ஏஜ் பிள்ளைங்க தனியா ஆடறப்பவிட பிரெண்ட்ஸ் பக்கத்துல இருக்கறப்ப ரொம்ப துணிஞ்சு ரிஸ்க் எடுத்தாங்க, பெரியவங்ககிட்ட அந்த வித்தியாசம் இல்ல. அதனால "உனக்கு அறிவில்லையா"ன்னு கேக்கறதுல பிரயோஜனமே இல்ல, பின்னாடி யார் உக்காருவா, எங்க போறீங்கன்னு முன்னாடியே பேசிடுங்க.

அப்புறம் தூக்கம். இந்த வயசுல தூக்கம் வர்ற நேரமே உடம்புக்குள்ள லேட்டாகுது, சோம்பேறித்தனம் இல்லங்க. நைட்டு 11 மணிக்கு தூங்கறவன காலைல 5 மணிக்கு எழுப்பி படிக்க உக்கார வச்சா 6 மணி நேரம்தான் கெடைக்குது, அவனுக்கு வேண்டியது 8லருந்து 10. படிச்சது மண்டையில நிக்கணும்னா தூக்கம் வேணும், அந்த 5 மணி அலாரத்த தயவுசெஞ்சு தள்ளி வைங்க.