கறையான் குடலுக்குள் இருப்பதைப் பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் பழைய வீட்டை விற்கப் போனால் பெரும்பாலும் பீட்டில் சர்டிபிகேட், அதாவது மரத்தில் பூச்சி இல்லை என்ற சான்று, கேட்பார்கள். பெயர்தான் வண்டுக்கு, சோதனையில் உலர்மரக் கறையானையும் தேடுவார்கள். கிரிப்டோடெர்மஸ் பிரெவிஸ் என்கிற இந்தக் கறையானுக்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம், ஒரு நாற்காலிக் கால் இருந்தால் போதும், அதற்குள்ளேயே குடும்பம் நடத்தும். உங்கள் வீட்டில் அது இருந்தால், மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான்கைந்தைப் பிடித்து வையுங்கள். வெறும் மரத்தைத் தின்று ஒரு பூச்சி எப்படிப் பிழைக்கிறது என்பதைப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உயிரியல் பாடம் இல்லை என்பேன்.

முதலில் எச்சத்தைத் தேடுங்கள். அலமாரிக்கு அடியில் கசகசா கொட்டினாற்போல் சின்னச் சின்ன மணிகள் குவிந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம் இருக்கும். வெளியே தள்ளுவதற்கு முன் மலக்குடல் கடைசிச் சொட்டு நீரையும் பிழிந்து எடுத்துக்கொள்வதால் வருகிற வடிவம் அது.

அந்த இடத்து மரத்தை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் பிளந்தால் கறையான்கள் உதிரும். கறுத்துச் சுருங்கிய மொட்டைத் தலை இருப்பது காவல் கறையான், அதை விடுங்கள். வெளிறிய உடம்பும், வயிற்றுக்குள் பழுப்பு நிழலும் தெரிகிறவைதான் நமக்கு வேண்டும். முழுக்க முழுக்க வெள்ளையாக ஒன்று கிடைத்தால் அதையும் தனியே எடுத்து வையுங்கள். பிளந்த கட்டையை மட்டும் தயவுசெய்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், கறையான் அப்படியும் பரவும்.

அப்புறம் உப்பு நீர். நாம் பார்க்கப்போவது கறையானின் குடலுக்குள் வாழும் நுண்ணுயிர்களை. வெறும் தண்ணீரில் அவை ஊதி வெடித்துவிடும், அதனால் கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் உப்பு, அதாவது கால் டீஸ்பூன், கரைத்துக்கொள்ளுங்கள். கறையானைச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீர் விட்டு, அதில் கறையானை வைத்து, தலைக்குப் பின்னால் ஊசியால் அழுத்திக்கொண்டு, வால் நுனியைச் சாமணத்தால் பிடித்து மெதுவாக இழுங்கள். குடல் முழுசாக வெளியே வரும். அதில் பருத்துப் பழுப்பாக இருப்பதுதான் பின்குடல். அதைக் குத்திவிட்டால் கலங்கலாக ஒரு நீர் பரவும், மிச்சத்தை அகற்றிவிட்டு மேலே மூடுகண்ணாடியை வைத்து ஓரத்தில் வாஸ்லின் தடவுங்கள். இதையெல்லாம் மளமளவென்று செய்ய வேண்டும். பின்குடலின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் கிடையாது, அங்கே பழகிய உயிர்களுக்கு நம் காற்றே விஷம்.

100 மடங்கில் ஒரே கூட்டமும் நெரிசலுமாகத் தெரியும். 400 மடங்கில் பாருங்கள்: சாட்டை போன்ற கசையிழைகளை அடித்துக்கொண்டு உருளுகிற உருண்டைகள், அவற்றின் உடம்புக்குள்ளேயே மரத்துணுக்குகள். இவை புரோட்டோசோவா என்கிற ஒரு செல் உயிர்கள். பலரும் இதோடு எழுந்து போய்விடுகிறார்கள், ஆனால் பாக்டீரியாவை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஒளி வரும் துளையைக் கொஞ்சம் குறையுங்கள். உருண்டைகளுக்கு இடையில் மெல்லிய நூல்கள் நெளிந்து துள்ளும், சில அந்த உருண்டைகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு ஆடும். அவைதான் ஸ்பைரோகீட் பாக்டீரியாக்கள்.

இவர்களுக்குள் வேலை எப்படிப் பிரிகிறது? புரோட்டோசோவா மரத்தை விழுங்கிச் செல்லுலோஸை உடைத்து நொதிக்க வைக்கிறது, அதில் அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வருகின்றன. அசிட்டேட்டைக் கறையான் உறிஞ்சிக்கொள்கிறது, அதுதான் அதற்கு எரிபொருள். மிஞ்சிய இரண்டு வாயுக்களையும் வீணாக விடாமல் ஸ்பைரோகீட்டுகள் சேர்த்து மேலும் அசிட்டேட் ஆக்குகின்றன. 1999இல் கறையான் குடலிலிருந்து அவற்றைத் தனியே வளர்த்து இதைக் காட்டினார்கள். ஆனால் மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு, அது இல்லாமல் புரதம் ஏது? அங்கேயும் பாக்டீரியாதான் கை கொடுக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உடம்புக்கு ஆகிற மாதிரி மாற்றித் தருகிறது. ஸ்பைரோகீட்டுகளுக்கே அந்தத் திறன் உண்டு என்பது 2001இல் தெரிந்தது. கறையான்கள் ஒன்றின் ஆசனவாயிலிருந்து மற்றொன்று அந்தக் குடல்நீரைக் குடிக்கும்போது நுண்ணுயிர்களும் உள்ளே போய்ச் செரித்து உணவாகின்றன. 1920களில் கிளீவ்லண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி கறையானிலிருந்து புரோட்டோசோவாவை மட்டும் அகற்றிப் பார்த்தார், அந்தக் கறையான்கள் மரத்தைத் தின்றுகொண்டே பட்டினியில் செத்தன.

இப்போது எடுத்து வைத்த வெள்ளைக் கறையானைத் திறந்து பாருங்கள். அது அப்போதுதான் தோல் உரித்தது, பின்குடலின் உட்தோலும் அதோடு கழன்றுவிடுவதால் பெரும்பாலும் காலியாக இருக்கும். கூட்டாளியிடம் அந்த நீரைக் குடித்துத்தான் அது மறுபடி நிரம்ப வேண்டும், தனியாக விட்டால் பிழைக்காது.

ஒன்று கவனம். வெளியே மண்புற்று கட்டும் மேக்ரோடெர்மஸ் நட்டாலென்சிஸைப் பிடித்துத் திறந்தால் இந்த உருண்டைகள் இருக்காது, நாம் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அதற்குக் குடலில் பாக்டீரியா உண்டு, மரத்தை உடைக்கும் வேலையில் பெரும்பங்கைப் புற்றுக்குள் வளர்க்கும் டெர்மிட்டோமைசஸ் என்ற காளான் பார்த்துக்கொள்கிறது. உலர்மரக் கறையான் கிடைக்காதவர்கள், உள்நாட்டு வறண்ட புல்வெளிப் பக்கம் போகும்போது, பகலிலேயே வெளியே வந்து புல் நறுக்கி இழுத்துப் போகும் ஹோடோடெர்மஸ் மொசாம்பிகஸைப் பிடியுங்கள். அதன் பின்குடலில் புரோட்டோசோவாவும் உண்டு, பாக்டீரியாவும் உண்டு.