கர்ப்ப காலத்தில் சாயாவும் மீனும் மரச்சீனியும்: நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. நாகர்கோவில் ஆனாலும் சரி, மார்த்தாண்டம், குளச்சல் ஆனாலும் சரி, அம்மை ஒன்று சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார், அடுத்த வீட்டு அக்கா இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். பப்பாளி ஆகாது, கைதச்சக்கை (அன்னாசி) ஆகவே ஆகாது, குங்குமப்பூ போட்ட பால் கட்டாயம். இத்தனை காவலையும் தாண்டி ஒரு பொருள் மட்டும் காலையும் மாலையும் யாரும் கேள்வி கேட்காமல் கைக்கு வந்துவிடும். அதுதான் சாயா.

அதைப் பற்றிக் கேட்பவர்களும் "ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் நம் குமரி மாவட்டத்தில் எண்ணிக்கை தப்புவதைவிட நேரம் தப்புவதுதான் அதிகம் என்பது என் எண்ணம். எதைச் சாப்பிட்டோம் என்று பார்க்கிறோம். எப்போது, எதோடு சேர்த்துச் சாப்பிட்டோம் என்று பார்ப்பதில்லை.

காப்பியை மட்டும் எண்ணுவது

முதலில் கணக்கு. கர்ப்ப காலத்தில் காஃபின் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 300 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்கள் கட்டாயம் குறைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டில் சின்ன எண்ணைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? சாதாரணமாக, குடித்த காஃபினில் பாதியை நம் உடல் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஈரலின் வேகம் குறைந்து, அதே வேலைக்குப் பதினைந்து மணி நேரம் வரை ஆகலாம். நஞ்சுக்கொடியைத் தாண்டி அது குழந்தைக்கும் போகும். குழந்தையின் ஈரலுக்கோ அதைச் சிதைக்கும் திறன் இன்னும் வந்திருக்காது. அளவு கூடக்கூட, குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பும் கருச்சிதைவு வாய்ப்பும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இந்த அளவுகள் இருக்கின்றன: 150 மில்லி டிகாஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, ஒரு சாயாவில் 30 முதல் 65. அப்படியானால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சாயா குடிப்பவர் எல்லைக்கு வெகு உள்ளேதான் இருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

கணக்கு எங்கே தவறுகிறது என்றால், பால் சாயாவும் காப்பியும் தவிர மற்றதை யாரும் எண்ணுவதில்லை. கட்டன் லேசானது, அதில் பாலே இல்லையே என்பார்கள். பால் இல்லை, சரி, தேயிலை அதேதானே? நன்றாகக் கொதித்து இறங்கிய கட்டனில் பால் சாயா அளவுக்குக் காஃபின் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று குடிக்கும் கிரீன் டீயிலும் உண்டு. கோலா பானங்கள், சாக்லேட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

சுக்குக் காப்பி, கருப்பட்டிக் காப்பி விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு கருப்பட்டியில் கொதிக்க வைத்தால் அதில் காஃபின் துளியும் கிடையாது. பெயரில் மட்டும்தான் காப்பி. ஆனால் கடைகளிலும் பல வீடுகளிலும் நிறத்துக்கும் மணத்துக்கும் ஒரு கரண்டி காப்பித்தூளைச் சேர்த்துவிடுவார்கள். கருப்பட்டிக் காப்பி என்றால் பெரும்பாலும் காப்பித்தூள் உண்டு. சீனிக்குப் பதில் கருப்பட்டி, அவ்வளவுதான். வெளியே குடிக்கும்போது "காப்பித்தூள் போட்டிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி என்றதும் இன்னொன்று. அது சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியது. பனையில் இருந்து வந்தாலும் கருப்பட்டியில் பெரும்பங்கு சர்க்கரைதான். அக்கானியை (பதநீரை) காய்ச்சித்தானே எடுக்கிறோம்? 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் சர்க்கரை அளவு 140 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள், கருப்பட்டியைச் சீனி மாதிரியேதான் நடத்த வேண்டும்.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் சாயா

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. காஃபின் எல்லைக்குள் இருக்கும் பெண்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தேயிலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கீரை, பயறு, அரிசி போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை அது குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. சாப்பாட்டோடு சாயா குடித்தால் இந்த இரும்பு உடலில் சேர்வது பாதிக்கும் மேல் குறையலாம். காப்பியும் இதைச் செய்யும், கொஞ்சம் குறைவாக. மதியம் முருங்கைக்கீரைத் துவரனும் சிறுபயறும் வைத்து ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஒரு சாயா குடித்தால் கீரை சாப்பிட்டதன் பலன் பெருமளவு போய்விட்டது.

இது அற்ப விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ பாதிப் பேர். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே அது ரத்தசோகைதான். பிரசவத்தில் ரத்தம் போகும்போது அதன் ஆபத்து தெரியும்.

இதற்காகத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியர் மூலமாகவும் இரும்பு மாத்திரை தருகிறார்கள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நான்காவது மாதம் தொடங்கி குறைந்தது 180 நாள். மாத்திரை குமட்டுகிறது, வாயில் இரும்பு வாடை அடிக்கிறது என்று அதைச் சாயாவோடு விழுங்குபவர்கள் உண்டு. பாலோடு விழுங்குபவர்களும் உண்டு. இரண்டுமே மாத்திரையை வீணடிக்கும் வழி. பாலில் உள்ள கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும். அதனால்தான் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள். "எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு முடிச்சிருவேன்" என்று சாமர்த்தியமாகச் செய்பவர்கள் இரும்பு மாத்திரையின் பலனைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். எழுந்ததும் ஏதாவது கடித்துக்கொண்டு ஒரு சாயா. மசக்கை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் கட்டன் குடித்தால் புளித்த ஏப்பமும் ஓங்கரிப்பும் கூடும். ஒரு மணி நேரம் கழித்துக் காலைச் சாப்பாடு, அதோடு ஒரு கால்சியம். மதியச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம். மாலை நாலு மணிக்கு இரண்டாவது சாயா. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, படுக்கும் முன் பத்து மணிவாக்கில் இரும்பு மாத்திரை, எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரோடு. புளிப்புப் பழங்களில் உள்ள வைட்டமின் சி இரும்பு சேர்வதைக் கூட்டும். மதியம் ஒரு நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் கீரைக்கும் துணை. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி நேரம் குறித்துத் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது இரும்பின் நிறம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பச்சரிசி, சாம்பல், செங்கல் தூள் தின்னத் தோன்றினால் அதை மசக்கை ஆசை என்று சிரித்துக் கடந்துவிடாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம்.

மீனையே ஒதுக்குவது, அல்லது எந்த மீனும் சரி என்று நினைப்பது

கடலோரத்தில் பிறந்துவிட்டு, கர்ப்பம் என்றதும் "மீன் சூடு" என்று நிறுத்தும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சாளை (மத்தி), அயிலை, நெத்தோலி மூன்றும் விலை குறைந்தவை. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு இவற்றில் நிறைய. நெத்தோலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறார்கள். மீனில் உள்ள இரும்பு எளிதாக உடலில் சேரும். கூடவே சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேர வைக்கும்.

ஒதுக்க வேண்டியது வேறு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று, அதைவிடப் பெரியது அதைத் தின்று, கடலில் உள்ள பாதரசம் படிப்படியாக மேலே ஏறும். உச்சியில் சுறா. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போனவர்கள் என்பதால் நம் மாவட்டத்துக்குச் சுறா அன்னியம் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்குச் சுறா வேண்டாம். மயில் மீனும் வேண்டாம். பாதரசம் சதையோடு கலந்திருக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலோ நன்றாக வேகவைத்தாலோ போகாது. வளரும் மூளையைத்தான் அது தாக்கும். பெரிய நெய்மீன், பெரிய சூரை எல்லாம் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் சங்கடமான ஓர் இடம் உண்டு. பிரசவித்தவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். அன்பால் செய்வதுதான். ஆனால் பாதரசம் தாய்ப்பாலிலும் போகும் என்பதால் பாலூட்டும் காலத்திலும் சுறாவைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம். அதே புட்டைச் சின்ன மீனில் செய்து தரச் சொல்லிக் கேட்டால் சண்டை வராமல் காரியம் முடியும்.

கருவாட்டில் உப்பு அதிகம். பிரஷர் உள்ளவர்கள் அதை மறந்துவிடலாம்.

மரச்சீனியை வடிக்காமல் சாப்பிடுவது

1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மக்களிடம் பரப்பிய கிழங்கு மரச்சீனி, அதாவது மரவள்ளி. பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத வீடுகளையும் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்புக் கிழங்கில் அதிகம். தோலை நன்றாகச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது நம் பாட்டிமார் முறை. சுவைக்காகச் செய்தது போலத் தெரிந்தாலும் நஞ்சை வெளியேற்றுவதும் அதுதான். இப்போது அவசரத்துக்குக் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வடிக்காமலே மசித்துவிடுகிறார்கள். அதைத் தவிருங்கள். பச்சைக் கிழங்கைக் கடித்துப் பார்ப்பதும் கூடாது.

மரச்சீனியில் மாவுச்சத்து தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. புரதம் மிகக் குறைவு. வெறும் காந்தாரி மிளகுத் துவையலோடு கட்டன் குடித்து ஒரு வேளையை முடித்தால் வயிறு நிறையும், குழந்தைக்கு ஒன்றும் போகாது. மரச்சீனிக்கு மீன் கறி என்ற பழைய ஜோடி ரொம்பச் சரியானது. மிஞ்சியிருக்கும் சயனைடை உடல் முறிக்கப் புரதம் வேண்டும், அது மீனில் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வேண்டாத பயங்கள், சில உண்மையான பயங்கள்

நன்றாகப் பழுத்த பப்பாளி பிரச்சினை இல்லை. பால் வடியும் காய்தான் வேண்டாம். சாதாரணமாகச் சாப்பிடும் இரண்டு துண்டு கைதச்சக்கை கருவைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாவற்பழம், கறுப்புத் திராட்சை தின்றால் குழந்தை கறுக்கும் என்பதும், குங்குமப்பூ குடித்தால் வெளுக்கும் என்பதும் வெறும் பேச்சு. குங்குமப்பூ வாங்கும் காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

ரத்தம் ஊறும் என்று வாரம் இரண்டு முறை ஆட்டு ஈரல் ஊட்டுவதில் மட்டும் உண்மையான ஆபத்து உண்டு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்; முதல் மூன்று மாதத்தில் அது கூடிப்போனால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். கள் வேண்டவே வேண்டாம். புளித்துப்போன அக்கானியும் அதே கணக்குத்தான்.

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. நான்காவது மாதம் தொடங்கி கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி. ஒரு கிளாஸ் பால், ஓர் அவித்த முட்டை, ஓர் ஏத்தம்பழம் (நேந்திரம்), அவ்வளவில் முடிந்துவிடும். ஏத்தங்காய் சிப்ஸால் அதை நிரப்பாதீர்கள்.

நாலைந்து சாயா குடித்துப் பழகியவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். தலைவலியும் எரிச்சலும் வரும், மூன்றாம் நாள் பழையபடி குடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சாயாவைக் குறையுங்கள், அல்லது கிளாஸை அரையாக்குங்கள். முதலில் கைவிட வேண்டியது சாப்பாட்டுக்குப் பின் குடிப்பதும் இருட்டிய பிறகு குடிப்பதும். அப்படியும் தலை வலித்தால் கடையில் கேட்ட மாத்திரையை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபின் கலந்திருக்கும். செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு வாங்குங்கள்.