மூடுலில் கியர் சின்னத்தைத் தேடாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம், மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பாட மென்பொருளில் பாடம் நடத்தும் தமிழ் ஆசிரியர்களுக்காக இது. பழைய பதிப்பிலிருந்து 4.0-க்கோ (2022) அதற்குப் பிந்தியதற்கோ மாறியதும் எல்லாரும் தேடுவது, பாடத்தின் அமைப்புகளைத் திறக்க உதவிய அந்தக் கியர் (பற்சக்கர) சின்னத்தைத்தான். அது ஒளிந்திருக்கவில்லை, எடுத்தே விட்டார்கள். அதில் இருந்தவை இப்போது பாடத் தலைப்புக்குக் கீழே வரிசையாக நிற்கின்றன: செட்டிங்ஸ், பார்ட்டிசிபன்ட்ஸ், கிரேட்ஸ், ரிப்போர்ட்ஸ். மிச்சமெல்லாம் 'மோர்' என்பதற்குள். பாடத்தில் எதையாவது மாற்ற வேண்டுமா? வலது மேல் மூலையில் 'எடிட் மோட்' இருக்கிறது, அதை முதலில் போடுங்கள்.

சக ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மவுஸை மட்டும் பிடுங்காதீர்கள். வாரா வாரம் அவர் செய்கிற வேலைகளை, அதாவது அசைன்மென்ட் போடுவது, மதிப்பெண் பார்ப்பது போன்றவற்றை, அவரே செய்யட்டும். 'முன்பு எங்கே, இப்போது எங்கே' என்று ஒரு தாளில் அவர் கையாலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள். அச்சிட்ட கையேட்டை யார் புரட்டுகிறார்கள்!

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பயிற்சி மலையாளத்தில் நடக்கும், திரை ஆங்கிலத்தில் இருக்கும். அப்போது உங்கள் திரையையும் பயிற்சியாளர் திரையில் உள்ள மொழியிலேயே வையுங்கள். தமிழ் மொழித்தொகுப்பு நிறுவியிருந்தால், பழகிய பிறகு உங்கள் பெயருக்கான மெனுவில் தமிழுக்கு மாறிக்கொள்ளலாம்.